போர்டிகோவைத் தாங்கிய தூண்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீடு இருந்தது. அது எந்த ஊர்ப் பாணி என்று யாராலும் சொல்ல முடியாது. மாடி முகப்பில் கேரளத்து ஓட்டுச் சரிவு. ஜன்னல்களுக்கு மேலே வெள்ளைக்காரர் பங்களா மாதிரி வளைவு. ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கருங்கல் தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் அது கல் படம் போட்ட காகிதம் என்று விளங்கும். வீட்டுக்காரர் பாத்திரக்கடை சுயம்புலிங்கம், தான் பார்த்த வீடுகளிலிருந்தெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து ஒட்டியிருந்தார்.

எல்லாம் முடிந்து, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு, ஒரு சொந்தக்காரர் போர்டிகோ மொட்டையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அது சுயம்புலிங்கத்தைக் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரமே இரண்டு ரோமாபுரித் தூண்கள் வந்து இறங்கின. உச்சியில் இலையும் சுருளுமாக வேலைப்பாடு. ஃபைபரில் செய்தவை, ஒவ்வொன்றையும் ஒரே ஆள் தோளில் போட்டுத் தூக்கி வந்தான்.

இடப்பக்கத் தூணை நிமிர்த்தி நிறுத்தியபோது அதன் தலை போர்டிகோவில் டொக்கென்று இடித்தது. அந்த நிமிடமே தூண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இந்தப் பாரத்தைத் தாங்கத்தான் நம்மைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தது.

அதோடு அதன் நிம்மதி போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் அசந்தால் போர்டிகோ கீழே இருப்பவர் தலையில் இறங்கிவிடுமே என்று பயந்தது. சுயம்புலிங்கத்தின் மனைவி ஜெயசெல்வி தினமும் காலையில் அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்வாள். அந்த நேரத்தில் தூண் இன்னும் விறைத்துக்கொள்ளும். கழுத்து கடுத்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

வலப்பக்கத் தூணுக்கு அந்தக் கவலையே இல்லை. அதன் அடியில் ஒரு பொத்தல். உள்ளே ஓர் அணில் குடியிருந்தது. உன் பங்கையும் நான்தானே சுமக்கிறேன், வெட்கமாக இல்லையா என்று இடத்தூண் அதைத் திட்டும். நிற்கச் சொன்னார்கள், நிற்கிறேன் என்று அது பதில் சொல்லும்.

போர்டிகோவுக்கே ஒரு நாள் பொறுக்கவில்லை. “இப்படி உயிரைக் கொடுக்காதே. உன்னை நம்பி நான் இல்லை,” என்றது.

தூணுக்குச் சுருக்கென்றது. இத்தனை தாங்கியும் நன்றி இல்லையே என்று பொருமியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான். கடைச் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார். காய்ச்சல் வந்தாலும் கல்லாவில் உட்கார்ந்துதான் மாத்திரை போடுவார். தம்பி பாலையாவுக்கு வியாபாரம் அத்துப்படி. என்றாலும் ஒரு குத்துவிளக்குக்கு விலை சொல்லக்கூட அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு ஒரு எட்டுப் போய்வருவோமா என்று ஜெயசெல்வி வருஷா வருஷம் கேட்பாள். “நான் இல்லன்னா கடை என்னத்துக்கு ஆகும்?” என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அருவியில் நின்றதில்லை. இந்த ஆனியிலும் அதே பதில் வந்தபோது, இனி நான் கேட்கவே மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில், கடையில் ஒரு கல்யாணத்துக்கு அண்டாக்கள் ஏற்ற வேண்டியிருந்ததால், சுயம்புலிங்கத்தைக் கூட்டிப்போகக் கடை டெம்போ வீட்டுக்கு வந்தது. பின்னால் எடுத்த வேகத்தில் நேராக வந்து இடத்தூணில் மோதியது. போர்டிகோவுக்கு அடியில் ஜெயசெல்வி கீரையோடு உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்து ஓடு தாயி,” என்று தூண் கத்தியது. அது யார் காதில் விழும்? தூண் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தது.

வேறு எதுவும் விழவில்லை. தூண் மெல்லக் கண்ணைத் திறந்தது. போர்டிகோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெயசெல்வி கீரைக்கட்டோடு எழுந்து நின்று, அடிபடவில்லை என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ விழவில்லையா?” என்று தூண் கேட்டது.

“நான் எதற்கு விழ வேண்டும்? சுவருக்குள்ளிருந்து வரும் உத்திரம் என்னைப் பிடித்திருக்கிறது. நீ வருவதற்கு முன்பும் அதுதான் பிடித்திருந்தது,” என்றது போர்டிகோ.

தூணுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. அதற்கும் பிறகு, இத்தனை காலம் பிடித்து வைத்திருந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. அப்படி ஒரு சுகத்தை அது பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை.

போர்டிகோ விழாது என்று சுயம்புலிங்கம் மட்டும் நம்பவில்லை. கடைச் சாவியை டெம்போக்காரன் கையிலேயே கொடுத்துத் தம்பியிடம் அனுப்பிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போர்டிகோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு ஈ எறும்பைக்கூடப் போக விடவில்லை. கைப்பேசி உள்ளே சார்ஜில் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு பின்வாசல் வழியாகச் சுற்றி நாற்காலிக்கே வந்தது.

சாயங்காலம் கொத்தனார் சண்முகையா வந்தார். வீட்டைக் கட்டியவர் அவர்தான். மேலே பார்த்தார், கீழே கிடந்த தூணைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“தூண் இல்லாமத்தான அண்ணாச்சி பால் காய்ச்சினிய? அப்பம் விழாதது இப்பமா விழும்?” என்றார்.

அவர் போன பிறகு பாலையா சாவியைக் கொடுக்க வந்தான். அண்டாவெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். கடைக்கு வந்த கல்யாண வீட்டார் ஒரு ஜோடி குத்துவிளக்கும் எடுத்தார்களாம்.

“உங்களுக்குப் போன் அடிச்சேன், எடுக்கலண்ணே. நானே வெல சொல்லிக் குடுத்துட்டேன்,” என்று கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னான்.

சுயம்புலிங்கம் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து கடை ஞாபகமே தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜெயசெல்வி போர்டிகோவுக்கு நடுவில் வந்து நின்றாள். கேட்கவே மாட்டேன் என்று சொன்னதை மறந்துவிட்டாள்.

“போர்டிகோவும் விழல, கடையும் விழல. குத்தாலத்துக்குப் போவமா?” என்றாள்.

அவர் எழுந்தார். சாவியை எடுத்துத் தம்பியின் சட்டைப்பையில் போட்டார்.

விடிந்ததும் கார் கிளம்பிற்று. ஒற்றைத் தூண் நின்றால் நன்றாக இராது என்று கிளம்பும் முன் மற்றதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டும் மதிலோரம் செம்பருத்திச் செடிக்குக் கீழே கிடந்தன. மேற்கேயிருந்து லேசாகச் சாரல் அடித்தது. வலத்தூண் படுத்ததும் தூங்கிவிட்டது. அதிலிருந்த அணில் புது வீடு பார்க்கிற மாதிரி இடத்தூணுக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் தலையை நீட்டியது.

“இங்கே படுத்துக்கொண்டு என்ன வேலை பார்க்கிறாய்?” என்று கேட்டது.

“நின்றபோது பார்த்த அதே வேலைதான்,” என்றது தூண். “இப்போது வலிக்கவில்லை.”