ஐந்தாம் முளையின் வெறும் வட்டம்

முதலில் சத்தம்தான் கேட்டது. டொக், டொக், டொக். பனிமூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் நண்டும் நாரையும் ஒரே பேச்சைத்தான் பேசின. ஆனாலும் ஒன்று சொன்னதை மற்றது நம்பியதில்லை. கழிமுகத்துச் சேற்றிலிருந்த நண்டுகள் வளைக்குள் கிடந்தபடியே கண்களை மட்டும் வெளியே நீட்டின.

பனி விலகியது. நாரை அலகால் மூங்கில் குச்சிகளை முளைகளாகச் சேற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றுவாயில் பூச்சியம். அங்கிருந்து கிழக்கே ஒரே இடைவெளியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கரையோரமாக நேரே போயின. ஐந்தாம் முளை சரியாகக் கிடுக்கியின் வளைவாசலில் இறங்கியிருந்தது. கிடுக்கி வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டு. இந்த நிலையில் வேறு வளை தோண்ட அவளால் ஆகாது.

"எதுக்கு நாரையண்ணே இந்த வேலை?" என்றான் அவள் கொழுந்தன் ஒத்தைக்கையன். ஒரு கொடுக்கை ஏற்கெனவே நாரையிடம் பறிகொடுத்தவன்.

"தினமும் துரத்தித் துரத்தி எனக்கும் முட்டி வலிக்குது தம்பி. ஒரு எல்லை வச்சுக்குவோம். அஞ்சுக்கு மேலே இருக்கிறவங்க எனக்கு. கீழே இருக்கிறவங்களைத் தொடமாட்டேன்."

நண்டுகள் சம்மதமாய்க் கொடுக்குகளை உயர்த்தின. கிடுக்கி மட்டும் உயர்த்தவில்லை.

"அப்போ அஞ்சு யாருக்கு?"

நாரை ஒரு காலை மடக்கிக்கொண்டது. "நமக்குள்ளே எதுக்கும்மா இந்த நோண்டலெல்லாம்? போகப்போகப் பார்த்துக்கலாம்."

"போகப்போக நான் உன் வயித்துக்குள்ளே இருப்பேன். இப்பவே சொல்லு."

"மதினி, வர்ற நிம்மதியைக் கெடுக்காதீங்க," என்று ஒத்தைக்கையன் கடிந்தான்.

நாரை அத்தனை கண்களையும் ஒருமுறை பார்த்தது. "சரி, அஞ்சு உனக்கே. அதைத் தாண்டினதெல்லாம் எனக்கு. அதுக்கு ஈடா மேற்கே ரெண்டும், ரெண்டுக்குக் கீழே உள்ளதும் எனக்கு."

மேற்கே இருந்தவர்கள் முணுமுணுத்தபடி இடம் மாறினார்கள். நாரை இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததுதான் கிடுக்கியை உறுத்தியது.

ஒத்தைக்கையன் சிரித்தான். "அஞ்சு நமக்குன்னா அவன் பங்கு ஆறிலேருந்துதானே? நடுவிலே இவ்வளவு பாசி சும்மா கிடக்கு!"

"வேண்டாம்டா. ஆறுங்கிற பேச்சையே அவன் எடுக்கலை."

"உங்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்!"

முளையைத் தாண்டிச் சற்றே நகர்ந்தான். பாசியை வாயில் வைக்கும் முன்பே அலகு இறங்கிவிட்டது.

"அஞ்சேகால்," என்றது நாரை, விழுங்கி முடித்து. "அஞ்சைவிட அஞ்சேகால் பெரிசுதானே? மயிரிழை தள்ளி நின்னாலும் எனக்குத்தான்."

நண்டுகள் சிதறி ஓடின. கிடுக்கி ஓடவில்லை. முளையைச் சுற்றி மண்ணைத் தோண்டித் தோண்டி வெளியே தள்ளினாள். வளைவாய் எல்லோர் கண்ணிலும் படும்படி வெறும் வட்டமாகத் திறந்து கிடந்தது.

"நல்லாப் பார்த்துக்கங்க. இது காலியா இருக்கிறவரைக்கும் அஞ்சு அவன் பங்கிலே சேராது. ஆனா கிழக்கே விளிம்பைத் தாண்டின உடனே அவன் இடம்தான். ஆறு வரைக்கும் காத்திருக்கமாட்டான்."

பிறகு மேற்கே போனாள். இரண்டில் கால் படாமல், இந்தப் பக்கம் நின்றே மண்ணுருண்டைகளை உருட்டிவிட்டு அங்கிருந்த வளையை அடைத்தாள். அது நாரையின் பங்கில் சேர்ந்த இடம். தெரியாமல்கூட யாரும் அதற்குள் போய்விடக் கூடாது.

மாலையில் நாரை வந்து வட்டத்தின் விளிம்பில் நின்றது. உள்ளே குனிந்து பார்த்தது. அத்தனை வளைகளிலிருந்தும் கண்கள் நீண்டிருந்தன. காலை எடுத்து வைக்காமல் கிழக்கே திரும்பி நடந்தது. அதன் காலடிகள் விளிம்பிலிருந்து தொடங்கி, முடிவே தெரியாமல் கறுப்பாக நீண்டன.

அன்று முதல்தான் எண்கோட்டில் எல்லை எண் சேராவிட்டால் வெறும் வட்டமும், சேர்ந்தால் நிரப்பிய வட்டமும் போட்டு, அங்கிருந்து அம்புக்குறியோடு கோட்டை ஓடவிடுகிறார்கள்.

இரவு ஏற்றத்தில் அலை வந்து வட்டத்துக்குள் சேற்றைத் தள்ளிவிட்டுப் போனது. கிடுக்கி வயிற்று முட்டைகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சேற்றை உருட்டி உருட்டி வெளியே தள்ளத் தொடங்கினாள்.