சர்க்கரைச் சட்டை போட்டு வந்த விருந்தாளி

அந்தக் காலத்தில் காக்கை குருவி மட்டுமல்ல, கண்ணுக்கே தெரியாத பூசணமும் பேசும். மனித உடம்புக்குள் காவல் நிற்கும் குட்டிக் குட்டி வெள்ளை உயிர்களும் பேசும். அந்தக் காவலர்களுக்குக் கண் கிடையாது. நாக்கை நம்பித்தான் பிழைப்பு.

சடைச்சி என்ற பெண்ணின் நெஞ்சுக்குள் அண்ணனும் தங்கையுமாக இரண்டு காவலர்கள் இருந்தார்கள். அண்ணன் பெயர் காத்தான். தங்கை, எது பக்கத்தில் வந்தாலும் கைபோட்டுத் துழாவாமல் விடமாட்டாள். அதனால் எல்லோரும் அவளைத் துழாவி என்றே கூப்பிட்டார்கள்.

உடம்புக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே குடியிருக்கிற அத்தனை பேரும் சர்க்கரை நூலில் நெய்த சட்டைதான் போட்டிருப்பார்கள். யாராவது வந்தால் காவலர்கள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். இனித்தால் சொந்தம், கட்டிப்பிடித்து வரவேற்க வேண்டும். இனிக்காவிட்டால் விழுங்கிவிட வேண்டும். அதற்கு மேல் விசாரிப்பது மரியாதை இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் சடைச்சி, நனைந்துபோன வைக்கோலை உதறினாள். புழுதியோடு ஒரு பூசணம் அவள் மூச்சில் ஏறி நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. அதுவும் சர்க்கரைச் சட்டைதான் போட்டிருந்தது.

காத்தான் நாக்கை வைத்துப் பார்த்தான். இனித்தது.

"வாங்க, வாங்க! எந்த ஊரு?"

"வைக்கப்போர்ப் பக்கம்தான். உங்களுக்குத் தூரத்துச் சொந்தம்," என்றது பூசணம்.

துழாவியின் கை சும்மா இருக்குமா? சட்டையைத் தடவினாள். உடம்புக்காரர்களின் சட்டையில் பல வகைச் சர்க்கரை கலந்து, நூல் கிளை கிளையாகப் பிரிந்து போகும். இதிலோ ஒரே சர்க்கரை. அதையே கோத்துக் கோத்து, கயிறாக முறுக்கியிருந்தது.

"அண்ணே, இது நம்ம வீட்டு நூல் இல்லியே!"

"இனிக்குதா இல்லியா?"

"இனிக்குது. ஆனா ஏன் இப்படி முறுக்கியிருக்கு?"

"வந்தவங்க சட்டையத் தடவிப் பாத்து என் மானத்த வாங்காதே. எடு கைய!"

அண்ணன் பேச்சை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. மனசே இல்லாமல் கையை எடுத்தாள். காத்தான் வாய் நிறையச் சிரித்து விருந்தாளியைக் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்த இடத்திலேயே பூசணம் அவனுக்குள் வேர் விட்டது.

சடைச்சிக்கு இருமல் பிடித்தது. மூச்சு இழுத்தது. அவள் மூச்சு நின்றால் உள்ளே இருக்கிற ஒருவரும் மிஞ்சப் போவதில்லை.

துழாவி அண்ணனைத் தேடிக் கையை நீட்டினாள். வேர்தான் தட்டுப்பட்டது. ஓடிப்போய் உடம்பின் மற்ற இடங்களில் நின்ற காவலர்களை அழைத்து வந்தாள். அவர்களும் நாக்கைத்தான் வைத்தார்கள்.

"இனிக்குதே தங்கச்சி! சொந்தக்காரர்தானே?" என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள்.

அப்போது துழாவி, அதுவரை யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தாள். விருந்தாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். முறுக்கு நூலைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அதன் தடம் பள்ளமாகப் பதிந்தது. பிறகு ஒவ்வொரு காவலரின் கையையும் பிடித்து அதே நூலை அழுத்தினாள்.

"நாக்க விடுங்க, கையால பாருங்க! எங்கண்ணனத் தின்னது இதுதான்!"

பள்ளம் பதிந்த கைகள் சுட்டன. காவலர்கள் கூட்டமாகப் பாய்ந்தார்கள். சடைச்சிக்கு அனலாகக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்டபோது வேர் ஒன்றும் மிச்சமில்லை. சடைச்சி இழுத்து ஒரு மூச்சு விட்டாள்.

உடம்பு தேறி, வாய்க்கு ருசி திரும்பியதும் அவள் காளான் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். குடல் பக்கம் காவலுக்குப் போயிருந்த துழாவியின் கையில் ஒரு நூல் பட்டது. அதே முறுக்கு. உடனே எழுந்து நின்றுவிட்டாள்.

காளான் நடுங்கிப் போனது. "ஆத்தா, நான் குழம்புல வெந்த காளான்! பூசணம் எனக்கு ஒண்ணுவிட்ட உறவு, அவ்வளவுதான். என்னையும் கிழிச்சிடாதே!"

துழாவி அந்த நூலை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அண்ணன் ஞாபகம் வந்து அழுதாள்.

"உன்ன அடிக்க வரல. ஆனா இந்த நூல் கையில பட்டா என்னால உக்காந்திருக்க முடியல," என்றாள்.

அன்று முதல்தான், பூசணமோ காளானோ, அந்த முறுக்கு நூல் உள்ளங்கைப் பள்ளத்தில் பட்டதும் உடம்பின் காவலர்கள் எழுந்து நிற்கிறார்கள். இனிக்கிறதா என்று இப்போது அவர்களில் யாரும் கேட்பதில்லை.