போன்ல கத்துன மாடு

ஒரு ஊர்ல ஒரு டீக்கடை. அங்க டீ உண்டு, பால் கிடையாது. ஏன்னா கடைக்கார வேலாத்தாளோட மாடு செத்துப்போச்சு. பாலில்லாத டீயை எத்தனை நாளைக்குத்தான் குடிப்பாங்க? ஆளுங்க ஒவ்வொருத்தரா எதிர்க்கடைக்கு நகர்ந்தாங்க. அப்புறம் வேலாத்தா வேற மாடு வாங்கக் காதுத் தோட்டை வித்தா. அந்தப் பணம் போச்சுன்னா கடையும் போச்சு. தூங்கிடாம 'ம்' கொட்டிக்கிட்டே கேளு, அம்மிணி.

அப்போ அவ போன்ல ஒரு மாட்டுப் படம் வந்துச்சு. மடின்னா மடி, தரையைக் கூட்டுற மடி! கீழ ஒரு நம்பர். கூப்பிட்டா.

"அக்கா, ஜெயச்சந்திரன் பேசறேன். மாடு ரொம்பத் தூரத்துல நிக்குது. பாதிப் பணத்தை இப்பவே போன்ல அனுப்புங்க, விடிஞ்சதும் லாரியில ஏத்திடறேன். விட்டா வேற ஆளு தட்டிட்டுப் போயிடுவான்."

"அனுப்பறேனுங்க. வீடியோவுல ஒருதரம் மாட்டைக் காட்டுங்க."

"கேமரா ஒடைஞ்சுபோச்சுக்கா."

"பரவால்லீங்க. கத்தறதையாச்சும் கேக்கறேன்."

தொண்டையைச் செருமற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "ம்ம்மாஆஆ!"ன்னுச்சு. கத்தி முடிச்சதும் லொக்கு லொக்குன்னு மனுஷனாட்டம் இருமுச்சு.

"மாட்டுக்குச் சளிங்களா தம்பி?"

"பனிக்காலம்க்கா."

"அப்ப தீனி எடுக்குதான்னு பாக்கணுமே. வைக்கோல் போடுங்க."

கறுக்... மொறுக்... கறுக்... மொறுக்...

அது என்ன சத்தம், சொல்லு பாப்போம்? ஆங், முறுக்கேதான்! கடையில முறுக்கு விக்கறவளுக்குத் தெரியாதா? ஆனா அவ அதைக் காட்டிக்கல. இந்த மாடு இன்னும் என்னென்ன பண்ணும்னு பாத்துடணும்னு அவளுக்கு ஆசை.

"நல்லாத் திங்குது. கொஞ்சம் கறந்து காட்டுங்க."

சொர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

கறக்கற சத்தம் எப்படி இருக்கும்? சர்ரு... சர்ரு... விட்டு விட்டு வரும். இது மூச்சே விடல.

"ஏனுங் தம்பி, மாட்டுக்குக் குழாய் எப்ப மாட்டுனீங்க?"

அவனுக்கு வந்துச்சே கோவம்! "நம்பிக்கை இல்லாம யாவாரம் பண்ண முடியாதுக்கா! கடைசியாக் கேட்டுக்கங்க!"ன்னு அடிவயித்துல இருந்து ஒரு கத்து கத்துனான் பாரு: "ம்ம்ம்ம்மாஆஆஆஆ!"

அப்படியே பசுமாடு! அப்போ, அவன் வீட்டுத் தெருவுல யாரோ கட்டியிருந்த காளை காதை நிமித்துச்சு. கயித்தை அத்துக்கிட்டு, தடதடதடன்னு ஓடி, ஜன்னல் வழியா உள்ள குதிச்சுடுச்சு, பொண்ணு பாக்க! பொய்யா? அந்த ஜன்னலை நானே பாத்தேன், இப்ப அதுல பஸ்ஸே போகும்.

"ஐயோ! அம்மா! யாராச்சும் புடிங்களேன்!" மடார்! தடால்! டங்குடங்குடங்கு!

வேலாத்தா போனைக் காதோட அமுக்கிக்கிட்டா. "தம்பி, இப்பத்தானுங்க நெசமான மாட்டுச் சத்தம் கேக்குது!"

அப்புறம் அவ சந்தைக்கு நடந்தா. ஒரு மாட்டை முதுகுல தட்டிப் பாத்தா, தானே கறந்தா, ஒரு வாய் குடிச்சா. அதுக்கப்புறம்தான் பணத்தை எடுத்தா. மறுநாள் எதிர்க்கடைக்காரனே இங்க வந்து டீ குடிச்சான்.

காளையா? அது இன்னும் அவன் வீட்டைவிட்டு நகரல. "எங்கடா பொண்ணு?"ன்னு அவன் மூஞ்சியையே பாத்துட்டு நிக்குது.

கதை வைக்கோல்ல சாஞ்சாச்சு, நீ தலகாணியில சாஞ்சுக்க அம்மிணி.