உண்ணிக்கு இரங்கிய மடம்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே எறும்புக்குக்கூடத் தீங்கு நேராது. வடித்த கஞ்சியை ஆறவைத்துத்தான் மண்ணில் ஊற்றுவார்கள். பாம்பு வந்தால் கைதட்டி வழியனுப்புவார்கள். கொசுவை விசிறியால் விலக்குவார்களே தவிர அடிக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மடத்தில்தான் ஒரு நாய் எல்லோர் கண்ணெதிரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது.

நாயின் பெயர் செவலை. தனக்கோடியின் பின்னால் வந்தது.

தனக்கோடி அரிசி ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கொடி பிடித்தவர். அடியும் சிறையும் கண்டவர். கடைசி வேலைநிறுத்தம் உடைந்தபோது, கூட நின்று கோஷம் போட்டவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு ஆலைக்குள் போய்விட்டார்கள். வாசலில் மிஞ்சியது அவரும் அந்த நாயும்தான். ஐம்பது வயதைத் தாண்டி, மனம் கசந்து, மடத்துக்கு வந்து குருவான அம்மையின் காலில் விழுந்தார்.

"இந்தக் கோபம் என்னை அழிச்சிடுச்சும்மா. இதை எப்படியாவது எடுத்துடுங்க."

அம்மை அவர் பின்னால் நின்ற நாயைப் பார்த்தார். "நாய் சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மடத்தில் சேருகிறவர்கள் எந்த உயிரையும் கொல்வதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். தனக்கோடியும் கொடுத்தார். உண்ணியும் அதில் அடங்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விடிந்ததும் அவர் செய்கிற முதல் வேலை செவலையைச் சீவிவிடுவது. மரச்சீப்பால் முடியை எதிர்ப்பக்கமாக விலக்கித் தோலைப் பார்ப்பார். காது மடலைப் புரட்டுவார். கால் விரல்களின் இடுக்கில் துழாவுவார். அகப்பட்ட உண்ணியைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவார். வேப்பெண்ணெய் தடவித் துணியால் துடைத்து முடிக்கும்போது நாயின் உடம்பு பளபளக்கும். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் அந்த வேலை நிற்காது. ஒரு நாள் கண்ணயர்ந்தால் எதிரி ஆள் சேர்த்துவிடுவான் என்பது அவர் ஆலை வாசலில் கற்ற பாடம்.

அம்மை யாத்திரை போயிருந்த சமயம் அது. மடத்தின் காரியஸ்தர் சபாநாயகம் அந்தக் கொட்டாங்குச்சியைப் பார்த்துவிட்டார்.

"ஐயா, இதெல்லாம் என்ன?"

"உண்ணி."

"உயிர்."

"நாயும் உயிர்தானே, காரியஸ்தரே?"

"இல்லைன்னு சொல்லலையே. ஆனா வாக்குக் கொடுத்தவர் நீங்க."

அன்றிலிருந்து தனக்கோடி, பிடுங்கிய உண்ணிகளை வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார். விட்ட இடத்தில் கிடக்க உண்ணி என்ன சன்னியாசியா? திரும்பி வந்தது; உற்றார் உறவினரோடு வந்தது. கொஞ்ச நாளில் காரியஸ்தர், கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியைப் பிடுங்குவதே இம்சைதான் என்றார். வாயில் இருக்கும் சோற்றைப் பறிக்கிற மாதிரியாம். தனக்கோடி சீப்பைக் கூரை இடுக்கில் செருகினார்.

பூசத்தன்று வெளியூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். காரியஸ்தர் தனக்கோடியைக் காட்டி, "ஆலைக் கதவை உடைச்சவர் இவர்தான். இப்போ ஒரு உண்ணிக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டார்," என்றார். வந்தவர்கள் கைகூப்பினார்கள். தனக்கோடியும் கண்ணை மூடிக் கைகூப்பினார். அவரை யாரும் கும்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

செவலை சொறிந்து சொறிந்து கழுத்தெல்லாம் புண்ணானது. புண்ணில் ஈ மொய்த்தது. அந்த ஈயையும் காரியஸ்தர் மென்மையாகத்தான் விரட்டச் சொன்னார். பிறகு அது சொறிவதையும் நிறுத்தியது. வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. ஒரு காலையில் தனக்கோடி கூப்பிட்டபோது வால் மட்டும் ஆடியது, நாய் எழவில்லை.

அன்று அம்மை திரும்பி வந்தார். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால், செவலையைத் தூக்கிவந்து கிடத்தினார் தனக்கோடி. அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"இதைப் பாருங்கம்மா. உங்க மடத்துல கருணை யாருக்கு? ரத்தம் குடிக்கிறவனுக்கா, குடுக்கிறவனுக்கா?"

காரியஸ்தர் ஓடிவந்தார். "சாந்தம் ஐயா, சாந்தம்."

"உண்ணிகளுக்குச் சங்கம் வச்சிருக்கீங்க போல. நீங்க தலைவரா, செயலாளரா?"

"எல்லா உயிரும் பிழைக்கணும் ஐயா. அதுதானே நம்ம நெறி."

"எங்க முதலாளியும் இதையேதான் சொன்னாரு. நானும் பிழைக்கணுமேப்பான்னாரு. கேட்க அவ்வளவு பாவமா இருந்துச்சு. கூலி கேட்டவன் பொண்டாட்டி தாலியை வித்தா. அவரு ரெண்டாவது ஆலை கட்டினாரு."

அம்மை ஈரக்காலோடு தரையில் உட்கார்ந்தார். நாயின் தலையை மடியில் எடுத்து வைத்தார். உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காதைப் புரட்டினார். உள்ளே தோல் தெரியவில்லை. ஆமணக்கு விதை போல உப்பிய ஒன்றை வேரோடு பிடுங்கி, இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். அது கால்களை மெதுவாக அசைத்தது.

"சபாநாயகம், இது சாகக் கூடாது, இல்லையா?"

"கூடாதும்மா."

"பட்டினி கிடக்கலாமா?"

"அதுவும் கூடாதும்மா. பாவம், நாய் ரத்தத்தை விட்டா அதுக்கு வேற சாப்பாடு தெரியாது."

"கத்துக்கொடுப்போம். கையை நீட்டு."

காரியஸ்தரின் கை மேல்துண்டுக்குள் போனது.

"நீட்டு. உன் கருணையிலே அது கொஞ்சம் சாப்பிடட்டும்."

"எனக்கு உடம்பு ஒத்துக்காதும்மா," என்றார் காரியஸ்தர்.

தனக்கோடி வாய்விட்டுச் சிரித்தார். மேடையில் எதிரியை மடக்கிய நாட்களில் சிரிக்கிற சிரிப்பு. கைதட்ட ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பக்கவாட்டில் ஒரு பார்வைகூடப் பார்த்தார்.

"நீ எதுக்குச் சிரிக்கிற?" என்றார் அம்மை.

"நியாயம் கிடைச்சுதேம்மா."

"யாருக்கு?"

செவலையின் விலா ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"இது இந்த நிலைக்கு வர்ற வரைக்கும் நீ எங்கே இருந்த?"

"இங்கேதாம்மா. வாக்குக் கொடுத்திருந்தேனே."

"ஆலைப் பக்கம் தலை வைக்கக் கூடாதுன்னு உனக்குப் போலீஸ் உத்தரவு போட்டாங்களாமே. என்ன செஞ்ச?"

"போனேன்."

"அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க. மறுபடியும் போனேன்."

"இங்கே யாரு அடிச்சா?"

தனக்கோடி வாயைத் திறந்தார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிய வாய் அது.

"இங்கே..." என்றார் கடைசியில். "கும்பிட்டாங்கம்மா."

அம்மை அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

"சீப்பு எங்கே?"

தனக்கோடி கூரை இடுக்கிலிருந்து எடுத்து வந்தார்.

"சபாநாயகம், மண்ணெண்ணெய்."

"அம்மா, மடத்துக்குள்ளேயா?"

"விளக்குக்கு வச்சிருக்கிறது போதும். கொட்டாங்குச்சியும் கொண்டா."

காரியஸ்தர் போனார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, எட்டக் கை நீட்டிக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. தூணோரம் நின்று ஏதோ முணுமுணுத்தார். நாய்க்காகவா உண்ணிக்காகவா என்பது அவருக்கே வெளிச்சம்.

அம்மை கையிலிருந்ததைக் கொட்டாங்குச்சியில் போட்டார். அடுத்ததைப் பிடுங்கினார். தனக்கோடி முடியை விலக்கிக் கொடுத்தார். கழுத்து முடிந்து அக்குள், அக்குள் முடிந்து விரலிடுக்கு. ஒருமுறை செவலை முனகியது. வறண்ட நாக்கை நீட்டி அம்மையின் மணிக்கட்டை நக்கியது. அம்மை நிறுத்தவில்லை. வெயில் வாசற்படிக்கு வந்துவிட்டது.

தனக்கோடி அந்தக் கைகளைப் பார்த்தார். அறியாப் பருவத்தில் துறவு கொண்டு, நரைத்துத் தளர்ந்த இந்த வயது வரை ஓர் எறும்பைக்கூட நசுக்காத கைகள். இப்போது நகக்கண்ணெல்லாம் ரத்தம். அவருக்குத் தாங்கவில்லை.

"நீங்க கையை எடுங்கம்மா," என்றார். "நான் பார்த்துக்கறேன். இந்தப் பாவம் எனக்கு மட்டும் இருக்கட்டும்."

அம்மை நிமிரவில்லை.

"பாவத்துக்கும் நீதான் தலைவனா? காதைப் புரட்டிப் பிடி. உள்ளே இன்னும் இருக்கு."