சந்தைமேட்டில் வளைந்த கோடு

இந்த வரலாற்றைப் பல வருடங்களாக என்னால் முழுமனதாக நம்ப முடியவில்லை. சொன்னவர் தில்லைநாயகம், நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லும் ஆள் அல்ல. ஆனாலும் ஒருவர் இப்படிச் செய்வார் என்பது மனத்தில் இறங்க மறுத்தது. நம்பாமல் இருப்பதில் ஒரு வசதியும் இருந்தது. நம்பிவிட்டால் அப்புறம் நிறைய யோசிக்க வேண்டிவரும்.

அவர் சொன்னபடியே இது. சிலது அவர் கண்ணால் பார்த்தது. மற்றது அவருடைய அதிகாரி மாசிலாமணி பிற்பாடு அவரிடம் சொன்னது.

மனைவி இறந்த வருடம் மாசிலாமணிக்கு எந்த இடத்திலும் உட்கார முடியாமல் போயிற்று. வீட்டில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும். கோயிலுக்குப் போனால் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்பார்கள். பூங்காவில் தெரிந்தவர்கள் வந்து துக்கம் விசாரிப்பார்கள். அப்படி அலைந்துகொண்டிருந்தவர் ஒரு சாயங்காலம் ஊருக்கு மேற்கே, தையல்நாயகி அம்மாளின் குடிலில் போய் உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

குடில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை. மதியம் வருகிறவர்களுக்குக் கஞ்சி. சாயங்காலம் வருகிறவர்கள் கேள்வி கேட்கலாம், சும்மாவும் இருக்கலாம். அம்மாள் மாசிலாமணியைவிட வயதில் இளையவர். அவர் ‘அம்மா’ என்பார். அம்மாள் அவரை ‘வரைபடக்காரரே’ என்பார்.

ஊருக்கு ஒரு பழைய மாஸ்டர் பிளான் இருந்தது. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் தொழிற்சாலை என்று நிறம் பிரித்து வைத்த படம். புறவழிச் சாலைக்காக அதில் ஒரு கோடும் போட்டிருந்தார்கள். சாலை வரவில்லை, கோடு மட்டும் இருந்தது. அது அம்மாளின் சமையலறை வழியாகப் போயிற்று.

பிளானைத் திருத்தும் காலம் வந்தது. இந்தத் தடவை சாலை நிச்சயம் வரும் என்றார்கள். திருத்தும் பொறுப்பு மாசிலாமணியிடம் வந்தது.

அவர் கோட்டை வளைத்தார். அவர் சொல்லச் சொல்லத் தில்லைநாயகம் வரைந்தார். குடிலுக்கு முன்னால் மெல்லத் திரும்பி, வடக்கே சந்தைமேடு என்கிற புறம்போக்கின் நடுவே போய், மறுபடி பழைய தடத்தில் சேர்கிற வளைவு. நில உபயோகக் கணக்கெடுப்பில் சந்தைமேடு ‘காலி நிலம்’ என்று இருந்தது. சாலை போக மீதியைக் குடியிருப்புக்கான மஞ்சளில் தீட்டினார்கள்.

“காரணம் என்ன சார் போடறது?” என்றார் தில்லைநாயகம்.

“தொழில்நுட்பக் காரணம்னு போடுங்க.”

படத்தின் நகலைச் சுருட்டிக்கொண்டு மாசிலாமணி குடிலுக்குப் போனார். காணிக்கை வைப்பதுபோல அம்மாளின் முன்னால் விரித்தார்.

அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“நம்ம அடுப்பு மேல போன கோடு எங்கே?”

“தள்ளிப் போயிடுச்சும்மா.”

“தானாவா?”

மாசிலாமணி சிரித்தார். “பக்கத்துல காலி இடம்தான். யாருக்கும் பாதகமில்லை.”

“காலின்னு யார் சொன்னது?”

“ஆள் அனுப்பிப் பார்த்தோம்மா. ஒரு ஈ, காக்கா கிடையாது.”

“என்னிக்கு அனுப்பினீங்க?”

“ஆபீஸ் நாள்லதான்.”

அம்மாள் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. உங்க காலி இடத்தைப் பார்த்துட்டு வருவோம்.”

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி தில்லைநாயகத்தையும் கூட்டிக்கொண்டு போனார். சந்தைமேட்டில் கால் வைக்க இடமில்லை. ஆடுகள். வேன்களிலிருந்து இறங்குகிற ஆடுகள், மொபெட்டில் குறுக்கே கிடக்கிற ஆடுகள், கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆடுகள். தழை விற்கிறவர்கள், கயிறு விற்கிறவர்கள், இட்லிக் கடை, டீக்கடை. விடியலில் கூடி, வெயில் ஏறும்போது கலைந்துவிடும் சந்தை. மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் மேடுதான் இருக்கும்.

தில்லைநாயகம் அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு கிடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி நின்றார்கள். துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. ஒருவர் தலையாட்டினார். மற்றவர் உதட்டைப் பிதுக்கினார்.

“விலை பேசறாங்க” என்றார் அம்மாள். “விரலைப் பிடிச்சே பேசிக்குவாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது.”

“ரகசிய வியாபாரம்” என்றார் மாசிலாமணி.

“ரகசியம்தான். ஆனா துண்டுக்குள்ள ரெண்டு பேர் கையும் இருக்கு.”



ஆட்டு வியாபாரி சிக்கந்தர் பாய் அம்மாளைப் பார்த்து வந்தார். “என்னம்மா, கஞ்சியை விட்டுட்டு பிரியாணியா? நல்ல கிடா இருக்கு, பார்க்கறீங்களா?”

“ஆடு வாங்க வரலை பாய். உங்க மேட்டு மேல ரோடு வருதாம். அதைச் சொல்ல வந்தேன். ஆட்சேபணை இருந்தா ஆபீஸ்ல வந்து சொல்லணும். செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமையா? அன்னிக்கு நாங்க ஊர் ஊரா ஆடு பிடிக்கப் போயிடுவோமே. அந்த நாளை எந்த மகராசன் வெச்சான்?”

தில்லைநாயகம் இருமினார்.

“நீங்க போவீங்கதானேம்மா? எங்களுக்கும் சேத்துச் சொல்லிடுங்க” என்று பாய் ஒரு கயிற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

திரும்பும் வழியில் மாசிலாமணி சொன்னார்: “வாரத்துக்கு ஒரு நாள் சந்தைதானேம்மா. இவங்களுக்கு வேற இடம் காட்டலாம்.”

“எனக்கும் காட்டலாமே.”

“உங்க இடமும் ஆட்டுச் சந்தையும் ஒண்ணாம்மா?”

“எது ஒசத்தி?”

அவர் நடையைக் கூட்டினார்.

“வளைக்காம நேராப் போனா யார் யார் வீடு போகும்?” என்றார் அம்மாள்.

“உங்க குடில். அதுக்கு அப்புறம் தரிசு.”

“அப்ப நேராவே போகட்டும்.”

“என் கையாலயா? உங்க கூரையை நானே பிரிக்கணுமா?”

அம்மாள் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாசிலாமணியும் கோட்டைத் தொடவில்லை. திருத்திய படம் வளைவோடு அலுவலகத் தாழ்வாரத்தில் தொங்கியது. பத்திரிகையில் விசாரணை அறிவிப்பு முன்பே வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை விசாரணை. மாசிலாமணி நடுவில் உட்கார்ந்தார். ஒருபுறம் தில்லைநாயகம், மறுபுறம் எழுத்தர் ஜெபராஜ். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் வந்து தன் இடத்தைக் கடை மண்டலமாக்கக் கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் வந்தார். சந்தைமேட்டைப் பற்றி யாரும் வரவில்லை. மாசிலாமணிக்கு மூச்சு கொஞ்சம் இலேசாயிற்று.

கடைசியாக அம்மாள் உள்ளே வந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார். மேற்கிலிருந்து நடந்தே வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

மாசிலாமணி எழுந்துவிட்டார். பிறகு, இருப்பது எந்த இடம் என்று நினைவு வந்து உட்கார்ந்தார். ஜெபராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் அவருக்கு யார், கோடு எதனால் வளைந்தது என்று அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாசிலாமணியின் உத்தியோகம் அந்த மேஜையிலேயே முடிந்துவிடும்.

“சொல்லுங்கம்மா” என்றார் ஜெபராஜ்.

“ரெண்டு விஷயம். சந்தைமேடு காலி இல்லை. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தா தெரியும். சந்தைக்காரங்க ஆடு பிடிக்கப் போயிருக்காங்க, என்னைச் சொல்லச் சொன்னாங்க.”

“சரி. ரெண்டாவது?”

“பழைய கோடு என் வீட்டு மேல போகுது. அது அப்படியே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.”

ஜெபராஜ் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். “ஆட்சேபணை இருந்தாத்தாம்மா இங்க வரணும். இல்லேன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.”

“எழுதிக்கறதுக்கு இடம் இல்லையா?”

“இடம் இருக்கு...” என்று ஜெபராஜ் அதிகாரியைப் பார்த்தார்.

“எழுதுங்க” என்றார் மாசிலாமணி.

அம்மாள் கையெழுத்துப் போட்டார். வளைவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசிலாமணியைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாசிலாமணி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே போனார். படம் தொங்கிய தாழ்வாரத்தில் அம்மாளை எட்டிப் பிடித்தார். கதவோரம் வந்து நின்ற தில்லைநாயகத்தை இருவரும் கவனிக்கவில்லை.

“அம்மா, எனக்கு வேற இடம் கிடையாது. அது உங்களுக்கே தெரியும்” என்றார் மாசிலாமணி. ஐம்பது கடந்தவர், அலுவலகமே பார்த்து நடுங்குகிற மனிதர், பிள்ளைபோல நின்றார். “கூரை போயிட்டா நான் எங்கே வந்து உட்காருவேன்?”

அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்று தில்லைநாயகம் எப்போதும் அழுத்திச் சொல்வார்.

“உட்காரத்தான் வந்தீங்களா, வரைபடக்காரரே?”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

உள்ளே வந்ததும் மாசிலாமணி தில்லைநாயகத்திடம் பேசியது இவ்வளவுதான்: “ஸ்கேலை எடுங்க.”

கோடு நேரானது. சாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைமேட்டில் இன்றைக்கும் ஆடு கத்துகிறது. இதெல்லாம் யாரும் போய்ப் பார்க்கக் கூடியவை. நானும் போய்ப் பார்த்தாயிற்று. வெகுதூரம் நேராகப் போகிற சாலை. அதன் ஓரத்தில் நின்ற பிறகும் சந்தேகம் போகவில்லை. அம்மாளுக்கு வேறு இடம் முன்பே இருந்திருக்குமோ? ஓய்வு பெற்ற மனிதர் தன் அதிகாரி மேலிருந்த பிரியத்தில் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறாரோ? இப்படி வருடக்கணக்கில் ஓடியது.

போன மாதம் தில்லைநாயகத்தின் வீட்டுக்குப் போக நேர்ந்தது. மறுபடி அதே கதையைச் சொன்னார். அதே சொற்கள், எங்கேயும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குறுக்கே கேட்டு மடக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த கேள்விகள் ஏராளம். எதிரே காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எல்லாக் கேள்விகளும் எங்கேயோ போய்விட, ஒன்றுதான் வாயில் வந்தது.

“அந்த அம்மா இப்ப எங்கே இருக்காங்க?”