நாவல் மரத்து மேடையில் வார்டன்

சேர்வராயன் மலையில், மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் பிள்ளைகளை நடக்கவிடும் தோப்பு ஒன்று இருந்தது. அங்கே சொல்லிக்கொடுப்பவள் நீலவேணி. வயசு முப்பதுகூட இருக்காது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிள்ளைகளைக் கயிற்றில் நடக்கவிடும் வேலையை அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவள் மரகதம். பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் வார்டன், ஆசானைவிடப் பெரியவள். முடிச்சுப் போடப் பழகிவிட்டாள். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கட்டப் பழகிவிட்டாள். மரம் மட்டும் ஏறவில்லை. ஏறச் சொன்னால் தலை சுற்றுது, முட்டி வலிக்குது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவாள்.

அன்று விடுதிப் பிள்ளைகளையே கூட்டி வந்திருந்தாள்.

"ஆசான், இப்படி மரத்து மேல நடந்து இதுங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?"

நீலவேணி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாவல் மரத்திலிருந்து போகும் பலகைப் பாலத்தின் நடுவில் கோபிகா உறைந்துபோயிருந்தாள். விடுதிக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் யாரோடும் பேசாதவள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தால் ஊருக்கே போய்விடுவேன் என்று பையைக் கட்டி வைத்திருப்பவள்.

"கோபி! இடது கால எடும்மா! கயித்தைப் பிடி! கீழ பாக்காத!"

மரகதம் கத்தும்போதெல்லாம் கோபிகா கீழே பார்த்தாள். பார்க்கப் பார்க்க நடுங்கினாள்.

பாலத்தின் அந்தக் கோடி மேடையில், முன்னாலேயே கடந்துவிட்ட பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏய் ஊமைக்கோட்டான், அங்கயே கூடு கட்டிக்கடி!"

"ஆசான், ஏணி போட்டு இறக்கிடுங்க" என்றாள் மரகதம்.

"இறக்கினா?"

மரகதம் யோசித்தாள். எல்லார் கண் முன்னாலும் இறக்கினால், ஞாயிற்றுக்கிழமைவரைகூடக் கோபிகா விடுதியில் இருக்கமாட்டாள்.

நீலவேணி ஒரு பெல்ட்டை எடுத்து மரகதத்தின் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "ஏறுங்க அக்கா."

"நானா? இப்பவா?"

"ஏறுங்க."

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மேடைக்கு வந்ததும் மரத்தைக் கட்டிக்கொண்டாள். பெல்ட்டில் இரண்டு கொக்கி. ஒன்று மரத்தில் மாட்டியபடி இருக்க, மற்றதைக் கழற்றிப் பாலத்துக் கம்பியில் மாட்ட வேண்டும். தரையில் நின்று காலையில் அவளே பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். இப்போது விரல் விரியவில்லை.

"முருகா..."

கீழே ஆசான் ஏணிப் பக்கம்கூடப் போகவில்லை.

"அக்கா?" பாலத்திலிருந்து சின்னக் குரல். "அழறீங்களா?"

"கொக்கியைக் கழட்ட வரலடி."

"ஒண்ணு பிடிச்சிருக்குல்ல? இன்னொண்ணைக் கழட்டுங்க."

"விழுந்துடுவேன்டி கோபி."

"இருங்க. வர்றேன்."

பலகை ஆடியது. கோபிகா ஒவ்வொன்றாக மிதித்துத் திரும்பி வந்தாள். கீழே பார்க்கவில்லை. வார்டனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வந்து, மரத்தைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்தாள். ஒரு கொக்கியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினாள்.

"ம், இப்ப அது. அவ்வளவுதான். என் பின்னாடியே வாங்க."

இரண்டு பேரும் பாலத்தில் நடந்தார்கள்.

"வார்டன் அக்கா, கண்ணைத் திறங்க!" என்று யாரோ கேலி செய்தார்கள்.

"சும்மா இருங்கடி! அவங்களே பயந்துபோய் வர்றாங்க" என்று அதட்டினாள் கோபிகா. கிட்டே வந்ததும் கூடு கட்டச் சொன்னவளே கையை நீட்டி இழுத்துக்கொண்டாள்.

எல்லாரும் இறங்கியதும் மரகதம் ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் அடுத்த கயிற்றுக்கு ஓடினார்கள். யார் முதலில் ஏறுவது என்று கோபிகா அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மானம் போச்சு ஆசான். தொண்டை கிழியக் கத்தினேன், அவ நகரல. ஒண்ணுக்கும் ஆகாம மரத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன், வந்துட்டா. இதுல நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டை அவிழ்க்கப் போனாள்.

நீலவேணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க அக்கா. அதோ, அந்தக் கடைசி மரத்தடியில ஏறப் பயந்து இன்னொருத்தி அழுதுக்கிட்டு நிக்கிறா."