சத்தம் போடாத கிலுகிலுப்பை

குளத்துக்கு மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவி குடியிருந்தார். பெயர் பின்னலார். 'குடியிருந்தது' என்று சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் காட்டில் அவரைப் போலக் கூடு பின்ன ஆள் கிடையாது. அதை மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் அவரே சொல்லிக்கொள்வார்.

"புயலே அடிக்கட்டும்! என் கூட்டுக்குள்ள ஒரு முட்டை அசையுமா? அசையாது!"

"ஆமாமா, முட்டை அசையாது. உங்க வாய்தான் அசைஞ்சுகிட்டே இருக்கும்" என்பாள் அவர் மனைவி, அடைகாத்தபடியே.

இவர்களுக்கு மின்னி என்று ஒரே மகள். போன மழைக்காலத்தில்தான் பறக்கக் கற்றுக்கொண்டாள். அப்பா பின்னுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அலகு துறுதுறுத்தது. எதைக் கண்டாலும் முடிச்சுப் போடுவாள். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த ஓணானின் வாலையே நாணலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

அந்தக் குளக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பிறந்த குட்டி முதன்முதலாகத் தண்ணீர் குடிக்க வரும் நாளில், வீட்டுக்கு ஒரு பிள்ளை தன் கையால் ஒரு பரிசு செய்து கொண்டுவர வேண்டும். பெற்றவர்கள் பக்கத்தில் உட்காரலாம். இலை பறித்துத் தரலாம், நார் கிழித்துத் தரலாம், நழுவாமல் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் செய்வது பிள்ளைதான். பிள்ளை கட்டியதைப் பெரியவர்கள் அவிழ்க்கக் கூடாது.

அந்த வருஷம் செவந்தி என்ற புள்ளிமானுக்குக் குட்டி பிறந்தது. துள்ளி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகுதான் தெரிந்தது, அதற்குக் கண் தெரியவில்லை. எழுந்து நிற்கும், நாலு எட்டு வைக்கும், புதரில் முட்டிக்கொண்டு நிற்கும். மான் கூட்டமோ பகலெல்லாம் குளக்கரையில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது மேட்டுக்கு ஏறிவிடும். இருட்டிய பிறகு குளக்கரை நரிக்குச் சொந்தம். பார்வையில்லாத குட்டி கூட்டத்தோடு எப்படிப் போய்ச் சேரும் என்று செவந்தி கவலையில் இளைத்துப் போனாள்.

மின்னிக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அப்பா! பனையோலை கிழிச்சுக் குடுங்க. நான் கிலுகிலுப்பை பண்ணப் போறேன்!"

"கிலுகிலுப்பையா? அது மனுஷக் குழந்தை ஆட்டுறது ஆச்சே!"

"இது துள்ளி ஆட்டுறதுக்கு இல்லப்பா. செவந்தி அத்தை கழுத்துல கட்டுறதுக்கு. அத்தை நடந்தா கிலுகிலுன்னு கேக்கும். துள்ளி அந்தச் சத்தத்துக்குப் பின்னாடியே மேட்டுக்குப் போயிடும்!"

"ம்... ம்..." என்றார் பின்னலார். காதில் பாதிதான் விழுந்தது. அவர் கண் ஓலையின் மேல் இருந்தது.

அப்பா ஓலையைச் சன்னமாகக் கிழித்துக் கொடுத்தார். மகள் பின்னினாள். ஒரு பக்கம் தொளதொளவென்று போனது. இன்னொரு பக்கம் புடைத்துக்கொண்டது. நடுவில் ஒரு ஓலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பின்னலாருக்கு அலகு அரித்தது. இருந்தாலும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குருவிக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், அவருக்கு அப்படித்தான் இருந்தது.

மின்னி உள்ளே மூன்றே மூன்று குன்றிமணியைப் போட்டு வாயை மூடினாள். ஆட்டிப் பார்த்தாள். கிலுகிலு! கிலுகிலு!

"கேட்டுச்சாப்பா?"

"கேட்டுது, கேட்டுது. போய்க் குளிச்சிட்டு வா."

அவள் குளத்துக்குப் பறந்தாள். பின்னலார் அந்தக் கிலுகிலுப்பையைத் தனியாக வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. 'நாளைக்குக் காடே கூடி நிற்கும். பின்னலார் வீட்டுப் பொருளா இது என்று சிரிக்கமாட்டார்களா? அந்த மைனா ஒருத்தி போதுமே, ஏழு காட்டுக்கும் சொல்லிவிடுவாளே!'

நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு ஓலையை மட்டும் சரி செய்யலாம் என்றுதான் தொட்டார். அதை இழுத்தால் பக்கத்து ஓலை தளர்ந்தது. அதைச் சரி செய்தால் அடுத்தது கோணியது. கடைசியில் முழுவதையும் அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து தானே பின்னினார். என்ன பின்னல்! எறும்பு நுழைய இடமில்லை. மின்னி போட்ட மூன்று குன்றிமணியைப் பார்த்தார். "கஞ்சத்தனமா இருக்கே" என்று உள்ளே கொள்ளுமட்டும் குன்றிமணியை நிரப்பினார். நிரப்பி, இறுக்கி, வாயைக் கட்டினார்.

கிலுகிலுப்பை சத்தம் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் அலகுக்குப் பழக்கம் வேறு. உள்ளே இருப்பது அசையவே கூடாது என்றுதான் ஆயுள் முழுக்கப் பின்னியிருக்கிறார். ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் குளக்கரையில் ஒரே அமர்க்களம். முயல் குட்டி அருகம்புல் மாலை கொண்டுவந்தது. வருகிற வழியில் பாதியைத் தின்றிருந்தது. அணில் குட்டி இலவம்பஞ்சில் ஒரு மெத்தை கொண்டுவந்தது. மந்திக் குட்டி பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து, ஊதி ஊதி எல்லோர் காதையும் செவிடாக்கியது. கோணலும் மாணலுமான பரிசுகளை எல்லோரும் சிரித்துச் சிரித்து வாங்கி வைத்தார்கள்.

பின்னலார் கிலுகிலுப்பையைத் தூக்கிக் காட்டியதும் கூட்டம் வாய் பிளந்தது.

"அடேயப்பா! இதை மின்னியா செஞ்சா?" என்றது மைனா.

மின்னி அதைப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு ஒன்றுகூட அதில் இல்லை.

"அப்பா, இது என்னுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன்னுதுதாம்மா! அப்பா லேசாத்தான் சரி பண்ணேன்" என்று அவரும் மெதுவாகவே சொன்னார்.

"என்ன மின்னி, நீதானே செஞ்சே?" என்று மைனா மறுபடி கேட்டது.

மின்னி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பின்னலாருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "அப்பனுக்குத் தப்பாத பிள்ளை!" என்றார்கள். அந்தப் புகழ்ச்சியில் அவர் அதை மறந்துவிட்டார்.

செவந்தியின் கழுத்தில் கிலுகிலுப்பையைக் கட்டினார்கள். பீப்பிச் சத்தத்தில் அது ஒலித்ததா இல்லையா என்று யார் கவனித்தார்கள்? மின்னி துள்ளியின் காதோரம் போய், "சாயங்காலம் கிலுகிலுன்னு கேக்கும். கேட்டதும் எழுந்து அது பின்னாடியே போ. அது கேக்காம எங்கயும் போகாதே!" என்றாள். துள்ளி காதை விடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டது.

பொழுது சாய்ந்தது. மான் கூட்டம் மேட்டுக்குக் கிளம்பியது. செவந்தி நடந்தாள். குட்டி பின்னாலேயே வருகிறது என்று நம்பி நடந்தாள். ஐம்பது மான்களின் குளம்பொலிக்கு நடுவில் தன் கழுத்து ஒலிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை.

குளக்கரையில் துள்ளி தனியாகப் படுத்திருந்தது. நாணலுக்குள்ளிருந்து நரி வந்தது.

"என்ன தம்பி, ஒத்தையில இருக்கே? வா, நான் கொண்டுபோய் விடுறேன்!"

"நீங்க கிலுகிலுன்னு கேக்கலையே" என்றது துள்ளி.

"அதுக்கென்ன, போற வழியில கேக்கும். வா!"

ஈச்சமரத்து உச்சியில் இருந்த மைனா இதைப் பார்த்துவிட்டது. "ஐயோ! நரி! நரி! செவந்தி, உன் பிள்ளை இங்க இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தியது. மேட்டிலிருந்து மான்கள் தடதடவென்று இறங்கி ஓடிவந்தன. கொம்பன் மான் ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. நரி நாணலுக்குள் மறைந்தது. அதன் பல் பட்டுத் துள்ளியின் காது கிழிந்திருந்தது. அதோடு போயிற்று.

செவந்தி குட்டியை நக்கி நக்கி அழுதாள். "ஏன்டா கண்ணு என் பின்னாடி வரலை?"

"சத்தம் கேக்கவே இல்லம்மா. கேக்கும் கேக்கும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

மைனாவின் கூச்சல் கேட்டுப் பின்னலாரும் மின்னியும் மற்றவர்களும் அதற்குள் கூடியிருந்தார்கள்; எல்லோரும் திகைத்தார்கள். செவந்தி கழுத்தை உதறினாள். சத்தம் இல்லை. இன்னும் வேகமாக உதறினாள். அந்த அழகான கிலுகிலுப்பை ஊமையாகத் தொங்கியது.

ஒரு நொடியில் பின்னலாருக்கு எல்லாம் புரிந்துபோனது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அலகைத் திறந்தார்.

அதற்குள் மின்னி முன்னால் வந்தாள்.

"நான்தான் மணியை அதிகமாப் போட்டுட்டேன், அத்தை. தெரியாமப் பண்ணிட்டேன்."

"சின்னப் பிள்ளைதானே, விடு" என்றாள் செவந்தி. அவள் குரல் இறுகியிருந்தது.

"அப்பன் எவ்வளவு எடுத்துச் சொல்லியிருப்பார்! காதுல போட்டுக்கிட்டிருக்க மாட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க!" என்றது மைனா. கொம்பன் மானும், "பாவம், அவரு பேரையும் சேர்த்துல்ல கெடுத்துட்டா" என்றது.

பின்னலார் பேசாமல் நின்றார். மகள் தலைகுனிந்து திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசியும் வாய் திறக்கவில்லை.

"இன்னைக்கு ராத்திரி நாங்க எல்லாரும் கரையிலயே குட்டியைச் சுத்திப் படுத்துக்கறோம். நாளைக்கு வேற ஒண்ணு செஞ்சு குடுங்க, அண்ணே. நீங்களே பார்த்துச் செஞ்சு குடுங்க" என்றாள் செவந்தி.

கூட்டுக்கு வந்ததும் பின்னலார் ஓலையைக் கிழித்தார். "மின்னி, வாம்மா" என்றார்.

மின்னி கூட்டின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களே பண்ணுங்கப்பா. நான் பண்ணா கோணலா வரும்."

அதில் கோபம் இல்லை. உண்மை என்று நம்பியே சொன்னாள். அதுதான் பின்னலாரைக் குத்தியது. ஓலை அலகிலிருந்து நழுவியது.

"ஏன் பார்த்துகிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. "என்கிட்ட மறைக்க வேண்டாம். அந்தப் பின்னல் யாருதுன்னு பார்த்ததும் எனக்குத் தெரியும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சிரிப்பாங்களே..."

"சிரிக்கட்டும்!"

பின்னலார் பறந்தார். குளக்கரை மிக அருகில்தான். அன்று அது தொலைவாகத் தெரிந்தது. எல்லோரும் இன்னும் கலையவில்லை. அவர் நாணல் தண்டில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"அதை மின்னி பண்ணலை. அவ பண்ணது கோணலா இருந்துச்சு, ஆனா நல்லா ஒலிச்சுது. பார்க்க வெட்கமா இருக்குன்னு நான்தான் அவிழ்த்துட்டேன். மணியை அடைச்சதும் நான்தான். குட்டியை நரி வாயில குடுக்கப் பார்த்தவன் நான். அவ திட்டு வாங்கினப்போ பேசாம நின்னவனும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. மைனாவே வாய் மூடிக்கொண்டது. செவந்தி, "பிள்ளைகிட்டச் சொன்னீங்களா, அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் சொல்லியிருக்கவில்லை. காட்டுக்குச் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. திரும்பிப் போய் மகள் முன்னால் உட்கார்ந்தார். "அம்மா மின்னி, உன்னுதுதான் சரி. நான் பண்ணதுதான் தப்பு. என்னை மன்னிச்சிடு" என்றார்.

மின்னி கிட்டே வந்து ஓலையை எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் செவந்தியின் கழுத்தில் புதுக் கிலுகிலுப்பை ஏறியது. ஒரு பக்கம் தொளதொளப்பு, ஒரு பக்கம் புடைப்பு. அன்று சாயங்காலம் அது கிலுகிலு என்று மேட்டுக்கு ஏற, அதன் பின்னாலேயே துள்ளி ஒரு கல்லிலும் முட்டாமல் ஏறியது. காடே ஆரவாரம் செய்தது.

பின்னலார் மட்டும் தலை நிமிரவில்லை. அந்தக் கிலுகிலுப்பையைப் பின்னும்போது மின்னி ஒவ்வொரு முடிச்சுக்கும் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்து, "சரியா இருக்காப்பா?" என்று கேட்டிருந்தாள். அதற்கு முன்னால் அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

பிள்ளை கோணலாகச் செய்ததைத் தன் பெயருக்காகத் திருத்துகிற பெற்றோர், பொருளை அழகாக்கிவிட்டுப் பிள்ளையின் தைரியத்தைத் திருடிக்கொள்கிறார்கள்.